அட்வான்ஸ் கொடுத்த வீடு

2016 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. அங்கீகாரம் பெறாத மனைகளையும் அவற்றில் கட்டிய வீடுகளையும் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலங்கள் கேட்பாரில்லாமல் பிளாட் ஆவதை எதிர்த்து வழக்கறிஞர் ‘யானை’ ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கு அது. உத்தரவிட்டது தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு. ஏரிக்கும் வயலுக்கும் நல்லது நினைத்த உத்தரவுதான். ஆனால் முடிச்சூர், பெருங்களத்தூர், அகரம்தென், மாடம்பாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றிலும் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ ஒன்றையே நம்பிப் போட்ட மனைப்பிரிவுகள் ஏராளம். அங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்திரத்துக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். விற்பவர் வாக்குத் தவறவில்லை, வாங்குபவருக்குப் பணத் தட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் கிரயம் நின்றுபோனது.

பேசி முடித்த வீடு கைக்கு வராமல் போனால் கொடுத்த பணம் என்ன ஆகும், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? தென்சென்னைப் புறநகரில் இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட மின்சார ரயிலின் வயது.

அதற்கும் முன்னே நிலம் விற்காமல் இருந்ததில்லை. தொண்டைமண்டலத்துக் கோயில் சுவர்களில் நில விற்பனைக் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமே கிடையாது. நான்கெல்லை சொல்லி, விலை சொல்லி, விலைப்பணம் முழுதும் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லி, இனி இதற்கு வேறு ரசீது காட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் சோழர் கால விலையாவணங்கள் ஓயும். முழுப்பணமும் கைமாறிய வியாபாரம்தான் கல்லில் ஏறியது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு பிறகு முறிந்துபோன பேச்சு ஒன்றுகூடக் கல்வெட்டாகவில்லை. அதற்குச் சிற்பிக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

பத்திரங்களை அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றும் சட்டம் 1864-இல் வந்தது. இன்றைய பதிவுத் துறையின் வேர் அதுதான். அடுத்து வந்த 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், முறிந்த பேச்சுகளின் தலையெழுத்தை இரண்டு பிரிவுகளில் எழுதி வைத்தது. 54-ஆம் பிரிவின்படி, விற்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டதனால் மட்டும் அந்தச் சொத்தில் வாங்குபவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. அட்வான்ஸ் கொடுத்ததுமே “நம்ம வீடு” என்று சொல்லத் தொடங்கிவிடும் குடும்பங்களுக்கு இது கசப்பான செய்தி. 55-ஆம் பிரிவு கொஞ்சம் மருந்து போடுகிறது. வாங்குபவர் நியாயமில்லாமல் பின்வாங்கினால் ஒழிய, அவர் முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே பாத்தியம் உண்டு. வீட்டை வாங்க முடியாவிட்டாலும் வீட்டைப் பிடித்துப் பணத்தை வாங்கலாம். அந்தப் பாத்தியத்தைக் கோர்ட்டில் நிலைநாட்ட 12 ஆண்டு அவகாசமும் இருக்கிறது. இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே அட்வான்ஸை முழுகிப்போன கணக்கில் எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

தாம்பரத்து நிலம் கடைச்சரக்கு மாதிரி கைமாறத் தொடங்கியது 1931-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே மாதம் பொதுமக்கள் ஏறினார்கள். சவுரி முத்து என்ற மருத்துவர் 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அப்போதே அங்கே இருந்தது; இன்றும் அதை ஒட்டிய ஸ்டேஷனுக்குத் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிவந்தது. தோல் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, கன்டோன்மென்ட்டை ஒட்டிய பல்லாவரம், விமானப்படைத் தளத்தை ஒட்டிய கிழக்குத் தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சம்பளக்காரக் கூட்டம் சேர்ந்தது. பாரிமுனையில் வேலை, குரோம்பேட்டையில் வீடு என்பது நடக்கிற காரியமாயிற்று. சம்பளக்காரரால் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க முடியாது. பிராவிடண்ட் பண்ட் வர வேண்டும், ஊரில் இருக்கும் நிலம் விற்க வேண்டும், ஆபீஸ் சொசைட்டியில் லோன் கிடைக்க வேண்டும். அதற்குத் தவணை கேட்டார். தவணைக்குப் பிணையாக அட்வான்ஸ் கொடுத்தார். கிரய ஒப்பந்தம், அதாவது அக்ரிமெண்ட், புறநகரின் அன்றாடப் பத்திரமானது இப்படித்தான்.

அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாம். ஸ்டாம்ப் வெண்டரிடம் வாங்கிய குறைந்த மதிப்புத் தாள். மேலே வாங்கியவர் பெயரும் தேதியும் வெண்டரின் கையெழுத்தும். உள்ளே கிரயம் எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், பேசிய தொகை, பெற்றுக்கொண்ட முன்பணம், மூன்று மாதமோ பதினோரு மாதமோ கெடு. கடைசியில் ஷெட்யூல்: சர்வே எண், நான்கெல்லை, இத்தனை சதுர அடி, அதாவது அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ. சாட்சிகளில் ஒருவர் பெரும்பாலும் தரகர். வழக்கறிஞர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். இன்ன தேதியில் மேலும் இவ்வளவு பெற்றுக்கொண்டேன், கெடு இன்ன தேதிவரை நீட்டிக்கப்படுகிறது என்று வேறு வேறு மையில், வேறு வேறு மனநிலையில் எழுதிய வரிகள் அங்கே இருக்கும். ஒரு வியாபாரம் எப்போது நோயில் விழுந்தது என்பதைப் பின்பக்கம் சொல்லிவிடும்.

வாங்குபவர் தவறினால் அட்வான்ஸ் போச்சு, விற்பவர் தவறினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்தும் சில ஒப்பந்தங்களில் வரும். இது ஏதோ நம் ஊர்த் தரகர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத்திலேயே இதே கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1590-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

இரட்டிப்பு ஷரத்து கேட்க நன்றாக இருக்கும். விலை ஏறும் ஊரில் அது செல்லாக்காசு. லட்ச ரூபாய் வீட்டுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கியவர், ஆறு மாதத்தில் வீடு ஒன்றரை லட்சம் ஆனால், இருபதாயிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நாற்பதாயிரம் லாபத்தோடு வேறொருவருக்கு விற்கலாம். விலை இறங்கினால் காட்சி அப்படியே மாறும்: வாங்குபவர் லோன் வரவில்லை என்பார், மூலப்பத்திரத்தில் சந்தேகம் என்பார், ஆடி முடியட்டும் என்பார். கிரயம் முறிந்த கதைகளை இரு தரப்பிலும் கேட்டால் ஒவ்வொருவரும் எதிராளியின் குணக்கேட்டைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் பழி போட வேண்டியது விலைவாசியின் மீது.

நீதிமன்றங்கள் இதைப் புரிந்துகொள்ள நீண்ட காலம் எடுத்தன. வீடு, நிலம் விற்பனையில் கெடு தேதி அவ்வளவு கறாரானதல்ல என்பது லண்டன் பிரிவி கவுன்சில் 1915-இல் ஒரு பம்பாய் வழக்கில் வகுத்த பாதை. விலை பத்து வருடம் ஒரே இடத்தில் நின்ற காலத்துக்கு அது பொருந்தியது. அட்வான்ஸைப் பற்றிய பெரிய தீர்ப்பு 1963 ஜனவரியில் வந்தது. டெல்லி பங்களா ஒன்றை 1949-இல் 1,12,500 ரூபாய்க்குப் பேசியிருந்தார்கள். 1,000 ரூபாய் அச்சாரம், பிறகு 24,000 ரூபாய் விலையில் ஒரு பகுதி. கிரயம் முறிந்ததும் விற்றவர் 25,000-ஐயும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அச்சாரமான ஆயிரம் போகட்டும், நஷ்டத்தைக் காட்டாமல் மீதி 24,000-ஐ விழுங்க முடியாது என்றது உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு. வழக்கறிஞர்கள் அன்று முதல் சுதாரித்துக்கொண்டார்கள். கொடுக்கிற தொகை முழுதையும் அச்சாரம் என்றே ஒப்பந்தத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அது பலித்தும் இருக்கிறது: 70 லட்சத்துக்குப் பேசிய ஒரு சொத்தில் 7 லட்சம் அச்சாரத்தை விற்றவர் வைத்துக்கொண்டது சரிதான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

கெடு விஷயத்தில் திருப்பம் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போன இரண்டு வழக்குகளில் நிகழ்ந்தது. ஒன்று மதுரை வீடு. 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்குப் பேச்சு, 5,000 முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்க வந்தவர் இரண்டரை ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு 1981-இல் கோர்ட்டுக்குப் போனார். விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, நகரத்துச் சொத்து விலை ஏறிக்கொண்டே போகும்போது, எப்போது வேண்டுமானாலும் வந்து பத்திரம் கேட்க முடியாது என்று 1997-இல் நீதிபதி பி.பி.ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு கையை விரித்தது. மற்றது சென்னைக்கே பக்கம்: போரூரை அடுத்த செட்டியார் அகரத்து நிலங்கள். 1981-இல் ஒப்பந்தம், மீதியைத் தேதி போட்டுத் தவணையாகக் கட்ட வேண்டும். மூலப்பத்திரத்தைக் காட்டவில்லை என்று சொல்லித் தவணை நின்றது. முப்பது ஆண்டு கழித்து, 2011-இல், நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு வாங்குபவருக்கு எதிராக முடிந்தது. விலை நிலையாக இருந்த காலத்தில் பிறந்த பழைய கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் அதில் எழுதியது, அன்று முதல் விற்பவர் தரப்பு வக்கீல்களின் நாக்கு நுனியில் இருக்கிறது. முப்பது ஆண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டபோது வயல் சூழ்ந்திருந்த போரூர், தீர்ப்பு வரும்போது ஐடி கம்பெனிகளின் ஊராகியிருந்தது.

ஆகவே, பணம் தயாராக இருந்தது என்று காட்டுவதே வாங்குபவரின் பெரிய கவலையானது. 1963-இன் குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி, வழக்குப் போடுபவர் ஆரம்பம் முதல் கடைசிவரை தாம் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். இதிலிருந்து ஒரு சடங்கே பிறந்தது. கெடு முடியும் நாளன்று வாங்குபவர் பாங்க் பாஸ்புக்கோடும் இரண்டு சாட்சிகளோடும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார். ஜெராக்ஸ் கடை, டீக்கடை, பத்திரம் எழுதுபவரின் மேஜை என்று சாயங்காலம்வரை வராத ஆளுக்காகக் காத்திருப்பார். பிறகு தந்தி ஆபீசுக்குப் போய், “வந்து காத்திருந்தேன், நீர் வரவில்லை” என்கிற மாதிரி ஒரு தந்தி கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துவார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையே நின்றது. இப்போது அந்த வேலையை ஸ்பீடு போஸ்ட்டும் வாட்ஸ்அப்பும் பார்க்கின்றன.

சில கிரயங்களை முறித்தது அரசாங்கம். 1978-இல் வந்த தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், புறநகரில் உபரி என்று கணக்கிட்ட நிலத்தைக் கைமாற்றத் தடை விதித்தது. 1999-இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆனால் இடைப்பட்ட இருபது ஆண்டில் அரசு எடுத்துக்கொண்ட நிலத்தைத் தெரியாமல் வாங்கியவர்கள் பட்டா கிடைக்காமல் பல காலம் அலைந்தார்கள். வீடு விற்கப் போகும்போது, “இது யுஎல்சி (நகர்ப்புற நில உச்சவரம்பு) நிலமா?” என்று வாங்குபவரின் வக்கீல் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அட்வான்ஸ் திரும்பிவிடும்.

இன்னொரு தொல்லை முன்தேதி ஒப்பந்தம். வீட்டை நல்ல விலைக்கு விற்கப் போகிறார் என்று தெரிந்ததும், எனக்குத்தான் முதலில் எழுதிக்கொடுத்தார் என்று யாரோ ஒருவர் பழைய ஸ்டாம்ப் தாளோடு முளைப்பார். 1980 ஜனவரி தேதியிட்ட ஒரு தமிழ்நாட்டு ஒப்பந்தத்தில் ஒரு தாள் 1973-இல் வாங்கியது, மற்றது 1978-இல் வாங்கியது. தாள் பழையது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, ஆனால் சந்தேகப்பட அது ஒரு காரணமாகலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது. தாளை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த ஆறு மாதம், பயன்படாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு மட்டுமே.

அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. முறிந்த பேச்சு அரசாங்கப் புத்தகத்தில் பரவலாக ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நல்ல ஏற்பாடு, ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது. பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். கிரயம் நடக்காமல் போனால் இருவரும் மறுபடி சேர்ந்து வந்து ரத்துப் பத்திரம் போட வேண்டும். அதுவரை அடுத்து வாங்க வருபவரும் அவருடைய பாங்க்கும் நகர மாட்டார்கள். முன்பெல்லாம் அட்வான்ஸைப் பறிகொடுத்துவிட்டுக் கெஞ்சியவர் வாங்குபவர். இப்போது, “ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்” என்று விற்பவரும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பிறகு வந்தன, அடி மேல் அடி விழுந்த பன்னிரண்டு மாதங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி வரதராஜபுரமும் முடிச்சூரும் முழுகின, படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அதன்பின் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருபவர் மேற்கூரையைப் பார்ப்பதற்கு முன் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். அந்தக் கறைக்குப் பெயிண்ட் அடித்தவர்களும் உண்டு. வெள்ளம் மறக்கத் தொடங்கிய நேரத்தில் வந்தது செப்டம்பர் பதிவுத் தடை. அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார் பிரதமர். அரசு குறித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்றே ஓடிக்கொண்டிருந்தது வீடு, மனை வியாபாரம். கொடுக்க வைத்த ரொக்கமும் செல்லவில்லை, வாங்கி வைத்த ரொக்கமும் செல்லவில்லை. நாடெங்கும் பழைய கடன்களைப் பழைய நோட்டில் அடைத்துவிடப் பலர் துடித்த வாரங்கள் அவை.

மனைகளுக்கு விடிவு 2017 மே 4-இல் வந்த வரன்முறைத் திட்டம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகள் கட்டணம் கட்டி அங்கீகாரம் பெறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக்கியது. 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் சேர்த்தால் 11 ஆயிற்று. தடைக்கு முன்னால் போட்ட பட்ஜெட்டோடு காத்திருந்தவர்கள் மறுபடி பென்சிலும் பேப்பரும் எடுத்தார்கள்.

இந்தக் காலத்தில் மக்கள் சமாளித்த விதம் சட்டப் புத்தகத்தில் இல்லை. வழக்குப் போட்டால் மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வீடு கிடைக்காவிட்டால் பணமாவது வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே எழுத வேண்டும், தினசரியில் வக்கீல் பொது அறிவிப்பு கொடுத்து மற்றவர்களை எச்சரிக்கலாம். இதெல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலான விவகாரம் தரகர் வீட்டுத் திண்ணையில், அல்லது அவருடைய பிளெக்ஸ் போர்டு மாட்டிய சின்ன ஆபீசில் முடிந்தது. விற்றவர் அட்வான்ஸை மகளின் கல்யாணத்துக்கோ வேறொரு வீட்டின் அட்வான்ஸுக்கோ செலவழித்திருப்பார். ஒரேயடியாகத் திருப்பச் சொன்னால் அவர் தலைமறைவாவார். மூன்று தவணை, பின்தேதியிட்ட செக், வட்டி கிடையாது என்று தரகர் பேசி முடிப்பார். தரகு கேட்க மாட்டார். அடுத்த வியாபாரம் இரு தரப்பிலிருந்தும் வரும் என்பது அவர் கணக்கு. ஒப்பந்தம் போட்டு முப்பது ஆண்டு கழித்துத் தீர்ந்த செட்டியார் அகரத்து வழக்கைப் பார்த்தால் அந்தத் திண்ணையைக் குறைத்துச் சொல்ல மனம் வராது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2015 ஜூன் முதல் வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பறிமுதல் செய்த அட்வான்ஸை விற்பவர் தம் வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டும் என்று 2014-இன் நிதிச் சட்டமே சொல்லிவிட்டது. பில்டரிடம் வாங்கும் அடுக்குமாடி வீடு என்றால், பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அவர் வாங்க முடியாது. அது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 2018 அக்டோபரில் அமலான திருத்தம், ஒப்பந்தப்படி விற்கச் சொல்வதா வேண்டாமா என்பதில் நீதிபதிக்கு இருந்த விருப்புரிமையையும் எடுத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் 2021 நவம்பரில் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்தில் பதியாத அக்ரிமெண்ட் எழுதுவது நின்றபாடில்லை. பதிவுக்குக் கட்டணம் உண்டு, வில்லங்கத்தில் ஏறும் தொல்லையும் உண்டு. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் பதியாத ஒப்பந்தத்தையும் விற்பனையை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாங்க் லோன் போடுபவர்கள் பதிகிறார்கள். மற்றவர்கள் ‘சேலையூர் வீடு டோக்கன்’ என்று குறிப்பு எழுதி கூகுள் பேயில் பத்தாயிரம் அனுப்பிவிட்டு, மறுநாள் பழையபடி ஸ்டாம்ப் வெண்டரிடம் போய் நிற்கிறார்கள்.